பரீட்சை முடியட்டும்

"என் மகள் என்னோடு பேசுவதில்லை, சாமி. பேச வையுங்கள்."

வந்து உட்கார்ந்ததும் வாசுகியின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான். கும்பிடக்கூட இல்லை.

மலையடி ஆசிரமத்துச் சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. வாசுகியின் பதினேழு வயது மகள் ஆதிரை, வாசற்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"என்ன செய்தாய்?"

"அவளுக்கு நல்லதுதான் செய்தேன்."

"அதைக் கேட்கவில்லை. என்ன செய்தாய்?"

வாசுகி சொன்னாள்.

மாசி மாதம் அவள் மாமனார் ஊரில் இறந்துபோனார். மறுவாரம் ஆதிரைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. குடும்பத்துக்கே ஒரே பேத்தி. தாத்தா என்றால் உயிர். சொன்னால் பேனா பிடிப்பாளா? பரீட்சை முடியட்டும் என்றார்கள். அது முடிந்ததும், நீட் தேர்வும் முடியட்டும் என்றார்கள்.

அழுவதற்கும் டைம்டேபிள் போட்ட குடும்பம்.

பிள்ளையைச் சித்தி வீட்டில் விட்டார்கள். அவள் பரீட்சைக்காக வேண்டிக்கொண்டு திருப்பதி போவதாகச் சொன்னார்கள். போய், எரித்துவிட்டு வந்தார்கள். கொள்ளி வைத்த அப்பாவின் மொட்டைத் தலைக்கு அந்தத் திருப்பதி வசதியாகப் போயிற்று. வழியில் வாசுகி ஒரு லாட்ஜில் தலைமுழுகி, முடி காயும்வரை காத்திருந்து, பூவும் வைத்துக்கொண்டாள். லட்டு இல்லாமல் எந்தத் திருப்பதி? ஸ்வீட் கடையில் வாங்கினாள்.

ஆதிரை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள். பாதியைத் தாத்தாவுக்கு எடுத்து வைக்கச் சொன்னாள்.

பேத்தி பிடிக்க வேண்டிய நெய்ப்பந்தத்தை, அங்கே எதிர்வீட்டுப் பிள்ளை பிடித்துக்கொண்டு பிணத்தைச் சுற்றி வந்திருந்தது.

தாத்தா ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டபோதெல்லாம், காது மந்தமாகிவிட்டது என்றார்கள். சித்தி, டியூஷன் வாத்தியார், பாத்திரம் தேய்க்க வருகிறவள், எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவர்கூட உளறவில்லை.

நீட் எழுதிவிட்டு வந்த அன்று சொன்னார்கள். ஆதிரை அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த லட்டு எந்தக் கடைம்மா?"

அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

"அவளுக்காகத்தான் செய்தேன், சாமி. நாலைந்து நாளாக எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை."

சாமியம்மா ஆதிரையை அடுக்களைக்குள் அழைத்துப் போனார். இருவரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு சாமியம்மா மட்டும் வந்து இலை போட்டார்.

"அவள் எங்கே?"

"குளத்தில் கைகால் கழுவுகிறாள். நீ சாப்பிடு."

கீரை மசியல், அப்பளம். வாசுகிக்குப் பசி தெரிந்தது. ரசத்துக்குச் சோறு வாங்கும்போது மறுபடி கேட்டாள், இன்னுமா கழுவுகிறாள் என்று.

"குளிக்க ஆசைப்பட்டாள். வருவாள்." சாமியம்மா சிரித்த முகமாக ரசம் ஊற்றினார்.

வாசுகி மோர்வரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இலையை மடித்ததும் சாமியம்மா சொன்னார்: "அவள் குளத்தில் இல்லை. தாத்தா ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அவர் படுத்திருந்த கட்டிலைப் பார்க்க வேண்டுமாம். நான்தான் பின்வாசல் வழியாக அனுப்பினேன்."

வாசுகி எச்சில் கையோடு எழுந்தாள்.

"திரும்பத் திரும்பக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்களே. ரசம் ஊற்றினீர்களே."

"நாலைந்து நாள் சாப்பிடவில்லை என்றாய். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பார்த்தேன். உனக்காகத்தான்."

"எனக்கு எது நல்லது என்று முடிவு செய்ய நீங்கள் யார்? என் பிள்ளை போயிருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டு..."

சாமியம்மா இலையை எடுத்து எறிந்துவிட்டு வந்தார்.

"பஸ் இன்னும் வரவில்லை. கீழே நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவும் வந்தால் வரட்டும் என்றாள். ஓடு."

வாசுகி ஓடவில்லை.

"இது நிஜமா?"

"நிஜம்."

"சத்தியமாகச் சொல்லுங்கள்."

"சத்தியம்."

"என் தலைமேல் கைவைத்துச் சொல்லுங்கள்."

சாமியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் தலைமேல் வைத்தார்.

வாசுகி நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். கண், உதடு, கன்னம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

கீழே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

பிறகு, கிளம்பிய சத்தம்.