காத்தாயி நட்ட கிழங்கு

மழை தன் மாதம் தவறாமல் வந்துபோன காலமாம். அந்தக் காலத்திலே, ஒரு மலையடிவாரத்திலே, இருளாண்டி என்று ஒருவர் இருந்தாராம்.

அவருக்கு அறுபது வயது. அவருடைய குருவுக்கோ முப்பதுகூட ஆகவில்லை. குருவம்மா என்றுதான் ஊரே அவளைக் கூப்பிட்டது.

ஆனி மாதத்தில் ஒரு காலை, இருளாண்டி அவள் குடிசை வாசலில் வந்து நின்றார்.

"தாயே, என் கொழுந்தியா என்னோட பேசமாட்டேங்கிறா."

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. ஒண்ணு கேட்டா. இல்லைன்னேன்."

"எதைக் கேட்டா?"

"என் வீட்டுக்காரி நட்ட கிழங்கை" என்றார் இருளாண்டி.

போன ஆடியில் அவர் மனைவி காத்தாயி, கொல்லை வேலியோரம் ஒரு செங்காந்தள் கிழங்கை நட்டாள். புரட்டாசியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். கார்த்திகையில் கொடி வேலியெல்லாம் ஏறி, நெருப்பு நெருப்பாய்ப் பூத்தது. தையில் சருகாகி விழுந்தது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடந்தது.

காத்தாயியின் தங்கை வீராயிக்கு அடுத்த வீடு. ஆடி நெருங்கவும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாளாம்: "மச்சான், அக்கா நட்டதுல எனக்கும் ஒரு கிழங்கு எடுத்துக் குடுங்க."

"அவ கை பட்டதுன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான் தாயே. அதை எப்படி இன்னொருத்தி கையில குடுப்பேன்?" என்றார் இருளாண்டி குருவம்மாவிடம்.

"இன்னொருத்தியா? கூடப்பொறந்தவ."

"நான் முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவன்."

"வீராயி அதுக்கு முந்தியே இருந்தாளே."



குருவம்மா மூலையில் கிடந்த களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

அவர் கொல்லை வேலியோரம் வந்ததும் களைக்கொத்தியை நீட்டினாள்.

"தோண்டுங்க."

"வேண்டாம் தாயே. வெட்டுப் பட்டுரும்."

"அப்ப கையால தோண்டுங்க."

இருளாண்டி மண்டியிட்டார். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர் போல மண்ணை விரல் விரலாக விலக்கினார்.

இரண்டு கிழங்குகள் தெரிந்தன. புதுசாய், கொழுகொழுவென்று, ஏர்க் கலப்பை மாதிரி கவைத்துக்கொண்டு. இரண்டுக்கும் நடுவே, பழுப்பாய் ஒரு வெறுந்தோல்.

"இதுல எது உங்க வீட்டம்மா நட்டது?"

அவர் இரண்டு கிழங்கையும் மாறி மாறிப் பார்த்தார். குருவம்மா அந்தத் தோலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுதான். அந்த ரெண்டும் இதைத் தின்னு வளர்ந்ததுங்க."

"அப்ப அந்த ரெண்டுலயும் அவ கை படவே இல்லையா?"

"இல்லை."

இருளாண்டி விரல்களை மூடினார். திறந்தபோது தோல் தூளாகிக் கிடந்தது. ஊதாமலே காற்றில் பாதி போயிற்று.

குருவம்மா பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு அவர் அந்த இரண்டு கிழங்கையும் இரண்டு கையாலும் ஏந்தினார். கோயில் பிரசாதத்தை ஒற்றிக்கொள்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டு முகத்தருகே கொண்டுபோனார்.

குருவம்மா வெடுக்கென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கண்வலிக் கிழங்குய்யா இது. விஷம். கண்ணுல ஒத்தக்கூடாது."

"அப்ப இதை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய?"

"ஆடி வருது" என்றாள் அவள். களைக்கொத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வீராயி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருளாண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் ஒரு பூவரச இலையைப் பறித்தார். ஒரு கிழங்கை அதில் வைத்து வேலிக்கு மேலே நீட்டினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். உடனே வாங்கவில்லை.

"படுக்க வச்சு நடணும் வீராயி. நுனி ஒடிஞ்சா முளைக்காது. காத்தாயி சொல்லுவா."

வீராயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தெரியும் மச்சான். அக்காவுக்கு அதைச் சொல்லிக்குடுத்ததே நான்தான்."

இலையோடு வாங்கி, நுனி ஒடியாமல் மார்போடு அணைத்தபடி, தன் கொல்லையைப் பார்த்து நடந்தாள்.