கீரி பதித்த சிவப்புக் கற்கள்

காட்டாற்றின் செங்குத்தான கரையில் ஒரு கீரியும் ஒரு முள்ளம்பன்றியும் குடியிருந்தன. கரையில் இரண்டு அடுக்குகள். கீழே சிவப்புக் கல் அடுக்கு. அதில் முள்ளம்பன்றியின் வளை. அதற்கு நேர் மேலே மஞ்சள் களிமண் அடுக்கு. அதில் கீரியின் வளை.

கோடையில் ஆறு வற்றிவிடும். கரையடியில் ஓர் ஊற்று மட்டும் கசியும். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் குடியிருக்கும் மண் மூத்ததோ, அவருக்கே முதல் தண்ணீர். அதன்படி முள்ளம்பன்றி முதலில் குடிக்கும். இரண்டாவது கீரி. பிறகுதான் மற்றவர்கள்.

கீரிக்கும் வயிறு நிறையத் தண்ணீர் கிடைத்தது. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. முள்ளம்பன்றி ஊற்றில் வாய் வைப்பதைப் பார்த்தாலே அதற்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அது குடிச்ச மிச்சத்தை நான் குடிக்கணுமா?” என்று மனைவியிடம் பொருமியது.

“மிச்சமா? நாலு குட்டியும் நாமளும் குடிச்சும் தண்ணி தீரலையே. உங்க தாகம் தண்ணித் தாகம் இல்ல,” என்றது பெண் கீரி.

நல்ல வார்த்தை எப்போது காதில் ஏறியிருக்கிறது? மறுநாளே கீரி எல்லாரையும் ஊற்றடியில் கூட்டியது. நியாயம் சொல்ல மீன்கொத்தியை அழைத்தது. கரையைக் குடைந்து கூடு கட்டும் பறவை அது. எந்த மண் எப்படிப் படிந்தது என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

“மேல இருக்கிறவன்தானே மூத்தவன்?” என்றது கீரி.

“வெள்ளம் வந்தா புது வண்டல் எங்கே படியும்? பழைய மண்ணுக்கு மேலதானே? அடியில இருக்கிறதுதான் மூத்தது,” என்றது மீன்கொத்தி.

கீரி லேசில் விடுகிற ஆளா? “பூமி ஆடி, கரையே தலைகீழாப் புரண்டிருந்தா?” என்று மடக்கியது.

மீன்கொத்தி யோசித்தது. “அப்படியும் நடக்கும். ஓர் அடுக்கோட கல் இன்னோர் அடுக்குக்குள்ள கிடக்குதான்னு பார்த்தாத்தான் தெரியும். நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு வளையையும் பார்க்கிறேன்,” என்றது.

முள்ளம்பன்றிக்குக் கவலை வந்துவிட்டது. கீரியோ துள்ளியது. ‘சிவப்புக் கல் என் சுவரில் இருந்துவிட்டால் என் வீடும் பழைய வீடு!’ என்று அது முடிவு கட்டிவிட்டது. பொறாமைக்காரனுக்கு எதையும் பாதிதான் கேட்கும்.

முள்ளம்பன்றி பகலெல்லாம் தூங்கும். மறுநாள் உச்சி வெயிலில் கீரி அதன் வளைக்குள் நுழைந்தது. கூரைப் பக்கத்துக் கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. தன் வளைக்குக் கொண்டுபோய், களிமண்ணை நனைத்துச் சுவரில் பதித்தது.

சாயங்காலம் மீன்கொத்தி வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தது.

“பார்த்தீங்களா என் சுவரை?” என்று நெஞ்சை நிமிர்த்தியது கீரி.

“பார்த்தேன். புற்றுக்குள்ள ஒரு புளியங்கொட்டை கிடந்தா, முந்தி இருந்தது எது? புற்றா, கொட்டையா?”

“கொட்டைதான். அது முந்திக் கிடந்ததாலதானே புற்று அதை மூடுச்சு.”

“இதுவும் அப்படித்தான். சிவப்புக் கல் முந்தியே இருந்தாத்தான் உன் மஞ்சள் மண் அதை மூட முடியும். கல்லு மூத்தது, உன் மண்ணு இளையது. வேற சாட்சியே வேண்டாம், உன் சுவரே போதும். அதுசரி, ஈரம்கூடக் காயலையே?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் கரை பொலபொலவென்று உதிர்ந்தது. கல் பிடுங்கிய கூரை சரிந்தது. அதன் மேல் நின்ற மஞ்சள் அடுக்கு முழுவதும் ஆற்றுக்குள் விழுந்தது. பெண் கீரியும் குட்டிகளும் மயிரிழையில் வெளியே குதித்தன.

முள்ளம்பன்றி அதே சிவப்பு அடுக்கில் நாலடி தள்ளி வேறு வளை தோண்டிக்கொண்டது. கீரிக்கு மிஞ்சியது போன வருஷ வெள்ளம் ஒதுக்கிய மணல்மேடு. அந்தக் கரையிலேயே இளைய மண் அதுதான். இப்போது தவளையும் நண்டும் குடித்த பிறகுதான் கீரியின் முறை. அதற்குள் ஊற்று வற்றிவிடுகிறது. நாலு குட்டிகளும் ஈர மணலை நக்குகின்றன.

அடுத்தவன் இடத்துக்கு ஆசைப்படுகிற பொறாமைக்காரன், தனக்கு இருந்த நல்ல இடத்தையும் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வான்.