ஷெர்பான் பிரபுவின் மூன்றாவது கொப்பரை

வெகு வெகு காலத்துக்கு முன்னே, டான்யூப் நதியின் வடகரையிலே, ரோமா என்ற நாடோடி மக்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிழைத்துவந்தார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள், குதிரைக்கு லாடம் அடிப்பார்கள், கல்யாணத்தில் பிடில் வாசிப்பார்கள். வேலை ஆகும்வரை ஊருக்கு அவர்கள் வேண்டும். ஆனபிறகு ஊரார் அவர்கள்மேல் நாயை ஏவிவிடுவார்கள்.

அவர்களில் ஸம்பிலா என்றொரு பெண். அவளும் கணவன் யாங்கோவும் ஈயம் பூசுகிறவர்கள். ஒரு மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் உடைந்து, ஷெர்பான் பிரபுவின் நிலத்தில் மூன்று நாள் தங்கும்படி ஆயிற்று. நான்காம் நாள் பிரபுவே வந்தான். மந்திரம் கற்றவன். கோடையிலும் கரடித்தோல் அங்கியைக் கழற்றாதவன்.

"என் மண்ணில் மூன்று நாள் தங்கிய ரோமா எனக்கு அடிமை. ராஜாங்கச் சட்டம்!"

"நாங்கள் யாருக்கும் அடிமை இல்லை, ஐயா" என்றான் யாங்கோ.

பிரபு ஒரு பிடி சாம்பலை ஊதினான். யாங்கோ நின்ற இடத்தில் ஒரு கரடி நின்றது. சேவகர்கள் அதன் மூக்கைத் துளைத்து இரும்பு வளையம் மாட்டிக் கொட்டடிக்கு இழுத்துப்போனார்கள். அங்கே ஏற்கெனவே பதினெட்டுக் கரடிகள் இருந்தன.

ஸம்பிலா பிரபுவின் காலில் விழுந்தாள்.

"கொட்டடி வாசலில் மூன்று செப்புக் கொப்பரைகள் கிடக்கின்றன. முகம் தெரிகிற மாதிரி ஈயம் பூசு. புருஷனை விடுகிறேன். தேய், பெண்ணே, தேய்!"

முதல் கொப்பரையைத் தேய்த்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. "இன்னும் தேய், பெண்ணே, தேய்!" இரண்டாவதைத் தேய்த்தாள். கொப்புளம் உடைந்து ரத்தம் வழிந்தது. "இன்னும் தேய், பெண்ணே, தேய்!" மூன்றாவதைத் தேய்த்து அடுப்பில் ஏற்றினாள். முதல் இரண்டுக்கும் பூசியதிலேயே ஈயம் தீர்ந்திருந்தது.

"அது உன் பாடு" என்று சிரித்துக்கொண்டே பிரபு சாப்பிடப் போனான்.

அவள் இடுப்பு முடிச்சில் ஓர் ஈயக் கிலுகிலுப்பை இருந்தது. மகளுக்காக யாங்கோ வார்த்தது. போன பனிக்காலத்தில் எந்த ஊரும் உள்ளே விடாமல், அந்தக் குழந்தை வண்டியிலேயே விறைத்துச் செத்துப்போயிற்று. ஸம்பிலா கிலுகிலுப்பையைக் காதோரம் வைத்து ஒரே ஒரு முறை ஆட்டினாள். பிறகு கொப்பரையில் போட்டாள். அழுதுகொண்டே பூசினாள்.

கொப்பரை பளபளவென்று மின்னியது. அதில் கொட்டடி தெரிந்தது. ஆனால் கரடி தெரியவில்லை, யாங்கோ தெரிந்தான்! அந்தக் கணமே கொட்டடிக்குள் நின்ற கரடியும் மனிதனாயிற்று. ஸம்பிலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கரடிக்கும் நேராகக் கொப்பரையைத் திருப்பினாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"என்னடி செய்கிறாய்?" பிரபு கைநிறையச் சாம்பலோடு ஓடிவந்தான்.

அவள் கொப்பரையைத் தூக்கிப் பிடித்தாள். அதில் அவன் முகம் தெரியவில்லை. ஒரு கிழவர், ஒரு பெண், ஓர் இளைஞன் தெரிந்தார்கள். அவன் கரடியாக்கி, ஓட முயன்றதற்காகத் தோலுரித்து, அந்த அங்கியாகத் தைத்துக்கொண்டவர்கள். அங்கியிலிருந்து ஆறு கைகள் நீண்டு அவன் கழுத்தை இறுக்கின.

"கழற்றுங்கள்! யாராவது கழற்றுங்கள்!"

சேவகர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். பிரபு விழுந்தான். பிறகு எழவில்லை.

அங்கியில் இருந்த மூவரும் எழவில்லை. மீண்டவர்களில் ஒருவன் அங்கியைத் தொட்டு, "இது என் அப்பா" என்றான். மடித்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

பத்தொன்பது பேரும் ஸம்பிலாவும் பிரபுவின் குதிரைகளைப் பூட்டி ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் குழி தோண்டி அங்கியைப் புதைத்தார்கள். மீண்டவர்களிடம் கேட்டு, மூவரின் பெயரையும் ஸம்பிலா உரக்கச் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள்.

அந்தக் கரையிலே அவர்கள் குடும்பங்கள் பெருகின. வேலைக்குக் கூலி வாங்கினார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். மூக்குத் தழும்பு மட்டும் யாருக்கும் மறையவில்லை. அவர்களுக்குக் கிடைத்த விடுதலை, அடைபட்ட எல்லோருக்கும் கிடைக்கட்டும்.