கரடி காய்ச்சிய கடலைப்பருப்புப் பாயசம்

மூங்கில்காட்டுக் குளத்தங்கரையில் சடைச்சி என்று ஒரு கரடி இருந்தாள். குளத்துக்கு மேற்கே மண்மேட்டைக் குடைந்து குகை போட்டிருந்தாள். உள்ளே இரண்டு குட்டிகள். கண் திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த வருஷம் யானைக்கூட்டம் அந்த மேட்டின் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகப்போகிறது என்று தகவல் வந்தது. நாற்பது யானைகள். ஏறி நடந்தால் குகை அப்பளமாக நொறுங்கிவிடும். பிஞ்சுக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக வேறு இடமும் இல்லை.

ஆனால் யானைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் கையால் இனிப்புத் தின்கிறார்களோ அவர்கள் வீட்டு மண்ணை மிதிக்க மாட்டார்கள். தலைவி பெரியநாச்சி ஒரு வாய் விழுங்கினால் போதும், கூட்டமே சுற்றிக்கொண்டு போகும். அவள் துப்பிவிட்டாலோ நேர்வழிதான். போன வருஷம் நரி ஊசிப்போன பலாச்சுளையை நீட்டியது. வளை நொறுங்கி, இன்று வரை நரி மாமனார் வீட்டில்தான் இருக்கிறது.

சடைச்சி கடலைப்பருப்புப் பாயசம் என்று முடிவு செய்தாள். சந்தைக்குப் போகும் வண்டிமாடுகளிடம் இரண்டு தேனடையைக் கொடுத்து, ஒரு மூட்டை பருப்பும் பன்னிரண்டு மண்டை வெல்லமும் வாங்கினாள். வீடு வந்து சேர்ந்தபோது வெல்லம் ஒன்பது இருந்தது. வழியில் என்ன நடந்தது என்று அவளுக்கும் அவள் நாக்குக்கும்தான் தெரியும்.

யானைகள் வருகிற அன்று காலையில், மின்னல் விழுந்த மரத்திலிருந்து எடுத்துக் காப்பாற்றி வைத்திருந்த நெருப்பை மூட்டிப் பானையை ஏற்றினாள். பக்கத்துப் புதரில் குடியிருந்த ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி தேங்காய் துருவ வந்தான். அவன் துருவுகிற அழகே தனி. தேங்காய் மூடிக்குள் முதுகை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் பூப்பூவாக உதிரும். அதை அள்ளிக்கொண்டு, பிழிந்து பால் எடுக்கக் குளத்துப் பாறைக்குப் போனான்.

சடைச்சியும் வெல்லமும் தனியாக இருந்தார்கள்.

பருப்பு கொதித்தது. வேக இன்னும் இரண்டு நாழிகையாவது ஆகும். அதுவரை வெல்லம் தாங்குமா? சற்று நேரத்தில் ஒன்பது எட்டாயிற்று. சடைச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாக்கு முன்னால் நீண்டது. எட்டு ஏழாயிற்று.

அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்துவிட்டது. இப்படியே போனால் வெறும் பருப்புத் தண்ணீரைத்தான் பெரியநாச்சிக்கு ஊற்ற வேண்டும். கொதிக்கிற பானைக்குள் போட்டுவிட்டால் எந்த நாக்கும் போகாது என்று கணக்குப் போட்டாள். மிச்சமிருந்த வெல்லம் முழுவதையும் வேகாத பருப்பில் கொட்டினாள். அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

ஈட்டியப்பன் பாலோடு திரும்பினான். பாகு கமகமவென்று மணந்தது. ஆனால் இரண்டு நாழிகைக்கு மேல் எரித்தும் பருப்பு வேகவில்லை. விறகை இன்னும் தள்ளினார்கள். கரண்டியில் எடுத்துக் கடித்துப் பார்த்த ஈட்டியப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

பருப்பு பழசு என்றாள் சடைச்சி. பிறகு விறகு ஈரம் என்றாள். பிறகு குளத்துத் தண்ணீரே சரியில்லை என்றாள். கரையில் இருந்த தவளை, தன் பாட்டன் காலத்திலிருந்து இந்தத் தண்ணீரைக் குறை சொன்னவர் யாருமில்லை என்று கோபித்துக்கொண்டு குதித்துப் போயிற்று.

"தங்கச்சி, வெல்லத்தை எப்பப் போட்ட?" என்று கேட்டான் ஈட்டியப்பன்.

"வெந்த பிறகுதான் அண்ணே."

"வேகவே இல்லையே, வெந்த பிறகு எப்படிப் போட்ட?"

சடைச்சி குகைப் பக்கம் பார்த்தாள். கிழக்கே மலையடிவாரத்தில் புழுதி கிளம்பியிருந்தது. இனி மானத்தைப் பார்த்தால் குட்டிகள் மிஞ்சாது.

"அண்ணே, வெளிய சொல்லிறாதீங்க. வெல்லம் கண்ணுல பட்டா என்னால தின்னாம இருக்க முடியல. அதான் முதல்லயே போட்டுட்டேன்."

ஈட்டியப்பன் சிரிக்கவில்லை. "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் வெல்லத்தையும் கையோட எடுத்துட்டுப் போயிருப்பேனே. பாகு ஏறிட்டா பருப்பு விறைச்சுக்கும். வடிகட்டு."

பாகை வேறொரு பானையில் வடித்தார்கள். பருப்பைச் சுடுதண்ணீரில் அலசி, நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். பாகுப்பானையை மூடி, மூடிமேல் ஈட்டியப்பன் ஏறி உட்கார்ந்துகொண்டான். பாகு ஆறிவிட்டதா என்று பார்க்க சடைச்சி ஒருமுறை வந்தாள். எறும்பு விழுந்ததா என்று பார்க்க இன்னொருமுறை வந்தாள். மூன்றாவது முறை காரணமே சொல்லாமல் வந்தாள். மூன்று முறையும் அவன் முதுகைச் சிலிர்த்தான், அவள் அடுப்புக்கே திரும்பினாள். கீழே சூடு தாங்காமல் அவன் நெளிந்த நெளிப்பைப் பற்றி அந்தக் காட்டில் தனியாக ஒரு கும்மிப்பாட்டே உண்டு.

பருப்பு மலர்ந்தது. அதே நேரம் யானைகள் நெருங்கின. தரை அதிர்ந்த அதிர்வில் பானை குலுங்கி, பருப்பு மத்தில்லாமலே மசிந்தது. சடைச்சி பாகை ஊற்றினாள், கொதிக்கவிட்டாள், இறக்கித் தேங்காய்ப்பால் சேர்த்தாள், ஏலக்காயைத் தட்டிப் போட்டாள்.

பெரியநாச்சி மேட்டடியில் வந்து நின்றாள். தும்பிக்கையைப் பானைக்குள் விட்டு உறிஞ்சி வாயில் விட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். பின்னால் முப்பத்தொன்பது யானைகளும் மூச்சுவிடவில்லை.

பெரியநாச்சி விழுங்கினாள். மறுபடி தும்பிக்கையை விட்டாள். பானையைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இனிப்பு ஒரு மாத்துக் குறைச்சல்," என்றாள். "ஆனா பருப்பு நாக்குல கரையுதுடி. ஏ புள்ளைகளா, இடப்பக்கம் திரும்புங்க. இந்த மேட்டுல ஒருத்தர் காலும் படக்கூடாது."

கூட்டம் சுற்றிக்கொண்டு போயிற்று. குகைக்குள் குட்டிகள் தூக்கம் கலையாமல் கிடந்தன. சடைச்சி காலிப் பானைக்குள் தலையை விட்டு, அடியில் ஒட்டியிருந்ததை நிம்மதியாக நக்கினாள். அதற்கு யாரும் காவல் இருக்கவில்லை.

தன் பலவீனத்தை மறைக்கிறவர் அவசரத்தில் காரியத்தைக் கெடுத்துக்கொள்வார். அதை வெட்கப்படாமல் சொல்லித் துணை கேட்கிறவர் கெட்ட காரியத்தையும் நேராக்கிவிடுவார்.