தொட்டுத் திரும்பும் கல்

ஓட்டம் கற்பிக்கும் ஒருத்தியிடம், அவளைவிட ஏழு வயது மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். ஆசிரியையின் பெயர் தெய்வானை. மாணவியின் பெயர் மங்கையர்க்கரசி. மூத்தவள் இளையவளை டீச்சர் என்பாள். இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். ஒன்பது ஆண்டுகளாக இம்முறை மாறவில்லை.

ஊருக்கு வெளியே, தைலமரக் காட்டை ஒட்டி, அவர்களுடைய மைதானம் இருந்தது. அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், சாலையோரத்தில், ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்தூண்கள், அவற்றின்மேல் தோளுயரத்தில் குறுக்காக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள், பிறர் கைகொடுக்காமலே பாரத்தை இறக்கி இளைப்பாறுவதற்காக எந்தக் காலத்திலோ நாட்டியது.

தெய்வானையின் மாணவிகளுக்கு அது ஓட்டத்தின் பாதி. உள்ளங்கையால் கல்லைத் தொடுவார்கள், திரும்புவார்கள். தொடாமல் திரும்பியவளின் ஓட்டம் செல்லாது. கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு டீச்சர் மைதான வாயிலில் நிற்பாள்.

மாட்டுப் பொங்கலன்று ஐந்து ஊர்ப் பெண்களுக்குள் தொடர் ஓட்டம் நடக்கும். அவர்கள் அணியில் கடைசி ஓட்டம் மங்கையர்க்கரசியுடையது. ஆறு பொங்கல் அவளே ஓடினாள். ஏழாம் பொங்கலில் அவள் கருவுற்றிருந்தாள். அவள் இடத்தில் சுகந்தி என்பவள் ஓடினாள்.

கார்த்திகையில் மங்கையர்க்கரசி மீண்டும் வந்தாள். பிள்ளைக்கு ஐந்து மாதம். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை.

"டீச்சர், எப்போது ஓடலாம்?"

"மருத்துவர் என்ன சொன்னார்?"

"இப்போதைக்கு நடக்கலாம் என்றார்."

"நடங்கள்."

"எவ்வளவு தூரம்?"

"அந்த வேப்பமரம் வரை. மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளே வாங்குங்கள். மரத்தடியில் உட்காருங்கள். பிறகு வாருங்கள்."

வேப்பமரம் இருநூறு அடி தொலைவில் இருந்தது.

"ரேஷன் கடைக்கே நான் இதைவிட அதிகம் நடக்கிறேன், டீச்சர்."

"அங்கே உட்காருகிறீர்களா?"

"அந்த வரிசையில் எங்கே உட்காருவது?"

"அப்படியானால் இங்கே உட்காருங்கள்."

பத்து நாள் அவள் வேப்பமரம் வரை நடந்தாள். மரத்தடியில் உட்காரவில்லை, உட்கார்ந்ததாகச் சொன்னாள். இரவில் மூன்று முறை பிள்ளை எழுப்பியது. விடியும்போது இமைகளுக்குள் மணல் இருந்தது. சுகந்தியும் மற்றவர்களும் அவளைக் கடந்து கல்லை நோக்கி ஓடும்போது, அவள் குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டினாள். கட்டியிருந்த கயிற்றையே மறுபடியும் கட்டினாள்.

பதினோராம் நாள் டீச்சர் வரத் தாமதமாயிற்று. மங்கையர்க்கரசி கல்லை நோக்கி ஓடினாள்.

திரும்பி வந்தபோது வாயிலில் டீச்சர் நின்றாள். மாணவி துப்பட்டாவை அவிழ்த்து இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"கல்லைத் தொட்டீர்களா?"

"தொட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"இருபத்தாறு நிமிடம்."

முன்பு அவள் பதினைந்து நிமிடத்தில் திரும்புகிறவள்.

"நடுவில் இரண்டு முறை நின்றேன். தழும்பு இழுத்தது. பிறகு..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்னை அறியாமலே துணி நனைந்துவிட்டது, டீச்சர்."

"வலிக்கிறதா?"

"வலித்தால்கூடப் பரவாயில்லை."

மருத்துவரிடம் அதைச் சொல்லும்படி டீச்சர் கூறினாள். மங்கையர்க்கரசி தலையசைத்துவிட்டுப் போனாள். அதன்பின் நான்கு நாள் அவள் வரவில்லை.

ஐந்தாம் நாள் சேலையில் வந்தாள். தோளில் பிள்ளை இருந்தது.

"சொல்லிவிட்டுப் போக வந்தேன். என் இடத்தைச் சுகந்திக்கே கொடுத்துவிடுங்கள். நான் இனி வரவில்லை."

"மருத்துவரைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். பலருக்கும் இப்படித்தானாம். பயிற்சி செய்தால் சரியாகுமாம். பொறுமை வேண்டுமாம்." அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். "பொறுமை தீர்ந்துவிட்டது, டீச்சர். இந்த உடம்பு என்னுடையதாகவே தோன்றவில்லை. யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போனதை எடுத்து உடுத்தியதைப்போல் இருக்கிறது."

டீச்சர் கைகளை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"கல் வரை போய் வருவோம், அக்கா."

"ஓடியா?"

"பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது ஓடுவார்களா?"

அவர்கள் நடந்தார்கள். வேப்பமரத்தடியில் டீச்சர் உட்காரச் சொன்னாள்; மங்கையர்க்கரசி உட்கார்ந்தாள். பாதி வழியிலிருந்த மதகிலும் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தாள். கல்லை அடைய நாற்பது நிமிடம் ஆயிற்று. அடைந்ததும் மங்கையர்க்கரசியின் கை தானாக நீண்டு கல்லைத் தொட்டது. உடம்பு தானாகத் திரும்பிற்று.

"நில்லுங்கள்" என்றாள் டீச்சர்.

எதிரே ஒருத்தி புல்லுக்கட்டோடு வந்தாள். கல்லருகே நின்று, தலையைச் சற்றே சாய்த்து, புல்லுக்கட்டைப் பலகைக்கல்லின்மேல் நழுவவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபின் இருவரையும் பார்த்தாள்.

"ஓட்டக்காரங்கதானே? நீங்க நின்னு பாக்குறதே இன்னைக்குத்தான். தினமும் வந்து தொட்டுட்டுத் தொட்டுட்டு ஓடுறீங்களே, கல்லுக்குக் கூச்சம் எடுக்காதா?"

மங்கையர்க்கரசி சிரித்துவிட்டாள். சிரித்துப் பல நாளாகியிருந்தது.

"இது யாருக்காக வைத்த கல் என்று இவர்களுக்குச் சொல்லுங்களேன்" என்றாள் டீச்சர்.

"தெரியாமலா தொடுறீங்க? வள்ளிக்கண்ணுன்னு ஒருத்தி. பேறுகாலத்துல, பிள்ளை வயித்துல இருக்கும்போதே போயிட்டா. இறக்காத சுமையோட போனவளாச்சே. நாங்க இங்க ஒரு கட்டை இறக்கி வச்சா, அவளுக்கு அங்க கொஞ்சம் இறங்கும்னு சொல்லுவாங்க. அதான் சுமையோட வர்ற யாரும் இதைச் சும்மா தாண்டிப் போறதில்ல. நீங்கதான் போறீங்க."

"எங்கள் தலையில்தான் சுமை இல்லையே" என்றாள் மங்கையர்க்கரசி.

புல்லுக்கட்டுக்காரி அவளுடைய முகத்தையும் கண்ணுக்குக் கீழிருந்த கருமையையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ஆமாமா, இல்லதான்" என்றாள்.

பிறகு கட்டுக்கு நேரே தலையைக் கொடுத்து, நிமிர்ந்து, நடந்து போனாள்.

மங்கையர்க்கரசி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு பலகைக்கல்லின்மேல் இரண்டு கைகளையும் மடித்து வைத்தாள். அவற்றின்மேல் தலையைச் சாய்த்தாள். தைலமரங்களுக்குள் காற்று வந்து போயிற்று. டீச்சரின் தோளில் பிள்ளை உறங்கும்வரை அவள் தலையை எடுக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கள்."

"மாட்டுப் பொங்கலுக்குக் கடைசி ஓட்டம் யார்?"

"சுகந்தி."

அவளே சொல்ல வந்த சொல்தான். பிறர் வாயிலிருந்து கேட்டபோது கண் நிறைந்தது.

"நான் எப்போது திரும்பி வருவேன்?"

டீச்சர் ஒரு கையால் கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"வள்ளிக்கண்ணு இந்தக் கல்லோடு நின்றுவிட்டாள், அக்கா. நீங்கள் தொட்டுத் திரும்பிவிட்டீர்கள். இனி இருப்பது வீட்டுக்கு வரும் வழி. அதற்கு நான் நேரம் பார்ப்பதில்லை."

மங்கையர்க்கரசி திரும்பி நடந்தாள். மதகு வந்ததும், யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.