இடுக்கில்லாத கூண்டு

ஒரு சித்திரை மாதத்தில், வேலூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்பக்கம், வேலையில்லாமல் கிடந்த பொருட்களுக்கெல்லாம் ஒரே நாளில் வேலை கிடைத்தது.

அந்த வீட்டுக்காரி பூங்காவனம் ஆறு கோழிகள் வளர்த்தாள். போன வருடம் வளர்த்த நான்கையும் பட்டப்பகலில் ஒரு கீரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்விட்டது. இந்த ஆறும் முட்டையிடும் பருவத்துக்கு வந்திருந்தன. அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். வீட்டுக் கோழி முட்டையைத் தன் கையால் அவித்து அவளுக்குக் கொடுக்க வேண்டும். பூங்காவனத்துக்கு அது ஒன்றுதான் ஆசை.

கடையில் கூண்டு வாங்க வசதியில்லை. வீட்டைச் சுற்றிக் கிடந்ததையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தாள். துருப்பிடித்த பீரோ கதவு. கூரையிலிருந்து கழற்றிய தகரம். இடிந்துபோன குளியலறையின் செங்கற்கள். ஒரு பழைய தாழ்ப்பாள். எப்போதோ வாங்கிய கோழி வலையில் மிச்சமிருந்த ஒரு துண்டு. கல்யாண மண்டபத்து வாசலில் கேட்பாரற்றுக் கிடந்த ஃபிளெக்ஸ் ஒன்றும் வந்து சேர்ந்தது. அதில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் கைகூப்பிச் சிரித்தார்கள். தலைக்கு மேலே 'வருக! வருக!' என்று எழுதியிருந்தது.

வளைந்த ஆணிகளை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

யாருமில்லாத பகலில் தனியாக வேலை செய்கிறவர்களுக்குப் பொருட்கள் பேசுவது கேட்கும். பூங்காவனத்துக்கும் கேட்டது.

"இருபது வருஷம் காவல் காத்தவன் நான். என்னைத் தாண்டி ஒரு கீரியா?" என்றது பீரோ கதவு.

"நீ காத்ததெல்லாம் ரேஷன் கார்டும் நாலு பழைய புடவையும்தானே!" என்று தகரம் கடகடவென்று சிரித்தது.

பின்பக்கமும் ஒரு பக்கமும் செங்கல் சுவர். இன்னொரு பக்கம் பீரோ கதவு, அதில் தாழ்ப்பாள். மேலே தகரம். முன்பக்கத்துக்கு வலை. சாயங்காலத்துக்குள் இடுப்பளவு உயரத்தில் கூண்டு எழுந்து நின்றது.

தாழ்ப்பாள் வலையை ஏற இறங்கப் பார்த்தது. "இதையா முன்னாடி நிறுத்தினீங்க, அம்மா? உடம்பெல்லாம் ஓட்டை!"

"ஓட்டை இருந்தாத்தான் வலை. கீரி நுழையாத ஓட்டைதான்," என்றது வலை.

"இன்னைக்கு நுழையாது. நாளைக்கு?"



"சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில ஒரு விரல் சந்து இருக்கு, அம்மா," என்று செங்கல் ஒன்று நினைவூட்டியது. பூங்காவனம் மண்ணைக் குழைத்து அந்த இடுக்கையும் பூசி அடைத்தாள். கோழிகளை உள்ளே விட்டாள்.

பக்கத்து வீட்டு சகாயமேரி வேலியோரம் வந்து வலை வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, ஆறும் என்னா மொழுமொழுன்னு வளர்ந்திருக்கு! எங்க வீட்டுலயுந்தான் இருக்கே, சோம்பிப் போய்!"

பூங்காவனத்தின் முகம் சுருங்கிவிட்டது. சகாயமேரி உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"பாத்தீங்களா?" என்று ஃபிளெக்ஸ் மெல்லச் சொன்னது. "கீரியை வலை தடுக்கும். கண்ணை எது தடுக்கும்? என்னைக் கட்டுங்க, அம்மா. கீரி கண்ணும் படாது, ஊர்க்கண்ணும் படாது."

அவள் ஃபிளெக்ஸை வலையின்மேல் விரித்து, கட்டுக்கம்பியால் நான்கு முனையிலும் இறுக்கிக் கட்டினாள்.

"அம்மா, எனக்கு எதிர்ப்பக்கம் தெரியலையே," என்றது வலை.

"உனக்கு எதுக்குத் தெரியணும்?" என்றது தாழ்ப்பாள்.

மறுநாள் காலையில் ஆரணியில் ஓர் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். வழக்கமாகக் கோழிகளை மேயவிட்டு அவள் பக்கத்திலேயே இருப்பாள். இன்று தீனி போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, எல்லாவற்றையும் உள்ளேயே அடைத்தாள். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"யாரையும் விடக்கூடாது."

"ஈ எறும்பைக்கூட விடமாட்டோம், அம்மா!" என்றன எல்லாம்.

பத்து மணிக்கு வெயில் தகரத்தில் ஏறியது. பதினொன்றுக்குப் பீரோ கதவு கொதித்தது. கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒன்றையொன்று நெருக்கியதில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது.

"வெந்து போறோம். கொஞ்சம் வழி விடுங்களேன்," என்றது செவலைக் கோழி.

"சத்தம் போடாதே. கீரிக்குக் கேட்டுடும்," என்றது பீரோ கதவு.

"காத்து வேணும்."

"காத்துன்னு சொல்லிக்கிட்டுத்தான் கீரி வரும்," என்றது தாழ்ப்பாள்.

வலை மட்டும் ஃபிளெக்ஸிடம் கெஞ்சியது. "கொஞ்சம் நகரேன். ஒரு ஓரமாவது."

"நகர்ந்தா கண் பட்டுடும்," என்றது ஃபிளெக்ஸ்.

உச்சி வெயிலில் கோழிகள் சிறகடித்துக் கத்தின. சகாயமேரி கையிலிருந்த கரண்டியோடு ஓடி வந்தாள்.

"கீரியா? ஏய், ச்சூ!"

கூண்டைச் சுற்றிப் பார்த்தாள். கீரி இல்லை. சுவர் இடியவில்லை, தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உள்ளே பார்க்கலாம் என்று குனிந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் அவளைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தார்கள். அந்த ஃபிளெக்ஸ் எதற்காக, யாருக்காகக் கட்டியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கட்டுக்கம்பியில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"நமக்கெதுக்கு வம்பு? நல்லாத்தான் பூட்டி வச்சிருக்கு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கூண்டுக்குள் சத்தம் அடங்கியது.

"சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டாங்க," என்றது பீரோ கதவு திருப்தியாக.

மூன்று மணிக்குப் பூங்காவனம் வந்தாள். மடியில் கோழிகளுக்காக முடிந்து வந்த விருந்துச் சோறு இருந்தது. தாழ்ப்பாளைத் தொட்டவள் சுட்டுக்கொண்டு கையை உதறினாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

ஆறு கோழிகளும் சிறகை விரித்துக் கிடந்தன. அலகுகள் திறந்திருந்தன. செவலைக் கோழி வலையின் ஓட்டையில் மூக்கைச் செருகியபடியே இருந்தது. அவள் தொட்டதும் அது அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மடியிலிருந்த சோறு மண்ணில் கொட்டியது.

"யாரு வந்தா?" என்று அலறினாள். "யாரை உள்ள விட்டீங்க?"

"என் வழியா யாரும் வரலை, அம்மா," என்றது பீரோ கதவு.

"மேலிருந்தும் வரலை," என்றது தகரம்.

"ஒரு கண்கூடப் படலை," என்றது ஃபிளெக்ஸ்.

"யாரையும் விடலை, அம்மா. சத்தியமா யாரையும் விடலை," என்றது தாழ்ப்பாள். "காத்தைக்கூட..."

 

அப்போது வேலியோரம் ஏதோ அசைந்தது. கீரி வந்து நின்றிருந்தது. திறந்த கூண்டையும் உள்ளே கிடந்ததையும் பார்த்துவிட்டு, ஓர் அடி பின்வாங்கியது.

"நான் இன்னும் வரவே இல்லையே!" என்றது.