சுவரின் வாயை அடைத்த கதை

கருங்குன்றூர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் பேசி முடித்தால் முடிந்தது. அவர் கேட்காமல் ஒருவர் இருமினாலும் குற்றம். மந்திரி மாதவராயருக்கு மட்டும் விலக்கு. அவர் அரசர் சொன்னதைத்தான் சொல்வார்.

புதுக் கருங்கல் மண்டபத்தில் முதல் சபை கூடியது. கல்லில் முகம் தெரியும்படி இழைத்திருந்தார் ஸ்தபதி உருத்திரர். தரை அழுக்காகும் என்று குடிகளை உள்ளே விடவில்லை. அரசர், மந்திரி, ஸ்தபதி, அதிகாரிகளும் சபை ஆட்களுமாக ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான்.

"சபை தொடங்கட்டும்!" என்றார் அரசர்.

"தொடங்கட்டும்!" என்றார் மந்திரி.

"கட்டும்... கட்டும்..." என்றது எதிர்ச்சுவர்.

அரசரின் முகம் சிவந்தது. "யாரடா அது?"

"அது... அது..." என்றது சுவர்.

"ஸ்தபதி சுவருக்குள் ஆளை வைத்துக் கட்டியிருக்கிறான், அரசே," என்றார் ஓர் அதிகாரி.

"நாளைக்குள் அது வாயை மூட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்தபதிக்குக் கை இருக்காது!"

"இருக்காது!" என்றார் மந்திரி. சுவரும் தன் பங்குக்குச் சொன்னது. உருத்திரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

தத்தன் எழுந்தான். வேடிக்கை பேசுவதற்காகச் சபையில் சோறு போட்டு வைத்திருந்த ஆள். அரசர் கேட்கும்வரை கையைத் தூக்கியபடி நின்றான்.

"என்ன?"

"நான் பிடித்துத் தருகிறேன், அரசே. ஆனால் சுவர் நீளம். நெடுகிலும் ஆள் நிறுத்த வேண்டும்."

"யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்."

மறுநாள் காலை அரசர் மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்க இடமில்லை. வரியைக் குறைக்கச் சொல்லி மாதக்கணக்கில் கோட்டை வாசலில் கிடந்த பருத்திக்காரர்கள், பஞ்சுப் பொதிகளைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் இடுப்பில் குழந்தைகள்.

"யார் இவர்கள்?" என்று கத்தினார் அரசர். பிறகு சுவரைப் பார்த்தார். சத்தமில்லை. "யார் இவர்கள்?" இன்னும் பலமாகக் கத்தினார். ஒன்றுமில்லை.

"எங்கே போனான் அந்தப் பயல்?"

"எந்தப் பயலும் இல்லை, அரசே," என்றான் தத்தன். "உங்கள் குரல்தான். வெறும் கல்லில் பட்டால் பந்து மாதிரித் திரும்பி வரும். பஞ்சிலும் மனித உடம்பிலும் பட்டால் அடங்கிப்போகும். ஆயிரம் பேருக்குக் கட்டிய மண்டபத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால், நாம் பேசியதை நாமே கேட்க வேண்டியதுதான்."

பொதிகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்போ எங்க வரி, சாமி?"

அதிகாரிகள் மூச்சைப் பிடித்தார்கள். அரசர் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

"முதலில் அதைத்தான் விசாரிக்கப் போகிறோம். உருத்திரர் கைக்கு ஒரு பொன் காப்புப் போடுங்கள். இந்தக் கதவை இனி யாரும் சாத்தக் கூடாது. எதிரொலி ஒழிந்தது!"

"ஒழிந்தது, அரசே, ஒழிந்தது!" என்றார் மந்திரி.

தத்தன் மறுபடி கையைத் தூக்கினான்.

"இன்னும் என்ன?"

"சுவரில் இருந்ததைத்தான் என்னால் நிறுத்த முடிந்தது, அரசே."

அரசர் சிரித்தார். அவர் எவ்வளவு சிரித்தாரோ, சரியாக அவ்வளவு மந்திரியும் சிரித்தார்.